கொள்ளிடத்துல எல்லை எங்க, பொறுப்பு யாருக்கு? – சந்தேகங்களுக்கு விளக்கம்

ஜெயங்கொண்டம் பக்கத்துல இருந்து ஒருத்தர் கேட்டிருக்காங்க: "கொள்ளிடத்துக்கு வடக்க அரியலூர், தெற்க தஞ்சாவூர். அப்போ ஆறு யாருக்குச் சொந்தம்? அணைக்கரைப் பாலத்துல ஏன் கனரக வண்டியை விடமாட்டேங்குறாங்க?"

கொள்ளிடம் எல்லா இடத்துலயும் எல்லை கிடையாதுங்க. ஸ்ரீரங்கம் தெற்க, லால்குடி வடக்க, ரெண்டுமே திருச்சி மாவட்டம்தான். கீழ வரவரத்தான் அரியலூர்–தஞ்சாவூர், கடலூர்–மயிலாடுதுறைன்னு பிரியுது. இது பழைய எல்லை. தெற்குக் கரை தஞ்சை மராட்டியர் அரசு. வடக்க அரியலூர், உடையார்பாளையம் பாளையங்கள் ஆற்காடு நவாபுக்குக் கீழ இருந்துச்சு. 1799ல தஞ்சாவூரும் 1801ல நவாப் சீமையும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனப்போ, பெரும்பாலும் அதே எல்லையைத்தான் மாவட்டங்களுக்கும் வச்சாங்க. இன்னிக்கு மக்களவைத் தொகுதியும் அப்படித்தான்: கீழ்ப்பகுதியில பெரும்பாலும் வடகரை சிதம்பரம் தொகுதி, தென்கரை மயிலாடுதுறை தொகுதி.

சொந்தம்னு கேட்டா, வருவாய்க் கணக்குல ஆறு ஓடுற இடம் ஆற்றுப் புறம்போக்கு, அதாவது அரசு நிலம். ஆனா எல்லைக்கோடு சர்வேயில அளந்து போட்டது. ஓட்டம் மாறினா கோடு கூடவே நகராது. அதனால திட்டு, கரையோரப் படுகையில நிலம் வச்சிருக்கிறவங்க பக்கத்துல இருக்கிற தாலுகா ஆபீசுக்கு ஓடக்கூடாது. அ-பதிவேட்டுல (கிராமத்து நிலங்களோட சர்வே எண் பதிவேடு) அந்த சர்வே எண் எந்த கிராமத்துல இருக்குன்னு முதல்ல பாருங்க, புலப்படம் (அந்த நிலத்தோட அளவு வரைபடம்) வாங்குங்க, அப்புறம் அந்த கிராமம் சேர்ந்த தாலுகாவுக்குப் போங்க. இல்லேன்னா "இது எங்க எல்லை இல்ல"ன்னு ரெண்டு கரையிலயும் திருப்பி அனுப்புவாங்க.

தண்ணிக்கு மாவட்டம் கிடையாது. அணைக்கரையில இருக்கிற கீழணை 1836ல ஆர்தர் காட்டன் கட்டினது. இருக்கிறது தஞ்சாவூர்–அரியலூர் எல்லையில. பாசனம் பெரும்பாலும் கடலூர், மயிலாடுதுறை வயல்களுக்கு. வடவாறு வழியா வீராணம் ஏரி நிறைஞ்சு, அங்கிருந்து சென்னைக்குக் குடிதண்ணியும் போகுது. அதனால ஷட்டரைத் தூக்குறது, இறக்குறது எல்லாம் நீர்வளத்துறை கையில. மாவட்ட நிர்வாகம் பாக்குறது எச்சரிக்கை கொடுக்குறது, ஜனங்களை மேட்டுக்கு நகர்த்துறது.

இப்ப பாலம். கீழணை தண்ணியைத் தேக்கித் திருப்புறதுக்காகக் கட்டினது. அது மேலயே ரோடு போனதாலதான் பாலமாச்சு. குறுகலானது, அந்தக் காலத்துக் கட்டுமானம். நிறைய பாரம் ஏத்துன லாரி தொடர்ந்து ஓடுனா அதிர்வு அடியில இருக்கிற அணையைத்தான் தாக்கும். அணைக்கு ஒண்ணு ஆனா அத்தனை பாசனமும் நிக்கும். அதனாலதான் கனரக வண்டிகளை நீலத்தநல்லூர்–மதனத்தூர் பாலத்துக்குத் திருப்பிவிடுறாங்க. சுத்துதான், ஆனா நியாயமான சுத்து.

ஆத்துல பாலம் விழறது பெரும்பாலும் அடியிலதான் தொடங்கும். கொள்ளிடம் முழுக்க மணல் படுகை. வெள்ளத்துல தூணைச் சுத்தி தண்ணி சுழிச்சு மணலை அரிச்சுடும்; ஏற்கெனவே மணல் அள்ளிப் படுகை தாழ்ந்து போயிருந்தா தூணுக்குப் பிடிமானம் இன்னும் குறையும். 2018 ஆகஸ்ட்ல திருச்சியில 1928ஆம் வருஷத்து இரும்புப் பாலத்துல ஒரு பகுதி விழுந்தது. அதே மாசம் 22ஆம் தேதி, காவிரியில இருந்து கொள்ளிடம் பிரியுற முக்கொம்பு அணையில 9 ஷட்டர் அடிச்சுட்டுப் போச்சு. பாலத்துப் பக்கத்துல மணல் அள்ளுறதைக் கண்டா விடாதீங்க. ரெண்டு கரை வருவாய்க் கோட்டாட்சியருக்கும் ஒரே நாள்ல மனு கொடுங்க.

கடைசியா, தென்கரையில நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல், வடகரையில அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் மாதிரி ஊர்க்காரங்களுக்கு. டிவியில மேட்டூர் திறப்பை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. மேட்டூருக்குக் கீழ பவானியும் அமராவதியும் சேருது. முக்கொம்புல காவிரிக்குக் கொஞ்சம் பிரியுது. அணைக்கரையில எவ்வளவு விடுறாங்கங்கிறதுதான் உங்க கணக்கு. அங்க 1 லட்சம் கன அடின்னா வினாடிக்குச் சுமார் 28 லட்சம் லிட்டர். அந்த அளவை நெருங்குதுன்னு சொன்னா ஆடு மாட்டைப் பகல்லயே கரையேத்திடுங்க.