ஊருணிக் கரையில் ஒரு கறுப்பு வண்டு

விழாத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து உட்காராமல் நிற்கும் ஊராட்சி மன்றத் தலைவி அவர்களே, மைக்கைக் கொடுத்துவிட்டு மணியையே பார்க்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, துண்டு போர்த்திய இளைஞர் மன்றத் தம்பிகளே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போனானாம் என்பார்கள், அந்தக் கதையாகிவிடும்.

நம் ஊருணியில் இருக்கும் பெரிய நீர்வண்டைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: மூச்சு, சாப்பாடு, பிள்ளை வளர்ப்பு.

முதலில் மூச்சு. 1781-இல் ஃபாப்ரிசியஸ் என்ற டென்மார்க் பூச்சியியலாளர் இதற்கு வைத்த பெயர் ஹைட்ரோஃபிலஸ் ஒலிவேசியஸ். பெயரை விடுங்கள். நீச்சல் வண்டு என்று வேறொரு வகை உண்டு, அது பின்புறத்தைத் தூக்கிக் காற்று வாங்கும். இது தலைப்பக்கமாக மேலே வந்து, குட்டையான உணர்கொம்பால் நீர்ப்பரப்பைக் கிழித்துக் காற்றை இழுத்து அடிவயிற்று ரோமத்தில் ஒட்டவைத்துக்கொள்ளும். கண்ணாடிப் பாட்டிலில் விட்டுக் கீழிருந்து பாருங்கள், வயிறு வெள்ளித் தகடு போல மின்னும்.

இதை எனக்கு அறிமுகம் செய்துவைத்தவர் பெரியப்பா. அக்கா கல்யாணம், ராத்திரிப் பந்தி முடிந்து தாம்பூலத் தட்டு வருகிறது. டியூப்லைட்டில் மோதி ஒரு வண்டு தட்டில் விழுந்தது. பெரியப்பாவுக்குக் கண்ணாடி போட்டாலும் பாதிதான் தெரியும், அன்றைக்குக் கண்ணாடியும் இல்லை. கொட்டைப்பாக்கு என்று எடுத்து அழுத்தினார். இதன் நெஞ்சடியில் முள் ஒன்று நீண்டிருக்கும். "அடேய், பாக்கு குத்துதுடா!" என்று அலறிய அலறலில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். பெரியப்பாவுக்குக் கோபம் வண்டு மேல் இல்லை, லைட்டு மேல். எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் இருட்டில் செருப்புத் தேடினார்கள்.

ஆனால் அவர் சொன்னது சரி. ராத்திரியில் தண்ணீர் தேடிப் பறக்கும் வண்டை வெளிச்சம் ஏமாற்றிவிடுகிறது. நாமோ ஊருணிக் கரையிலேயே ஹைமாஸ் லைட் கேட்கிறோம். போதாதென்று நாற்றம், பாசி என்று கோரையை வெட்டிக் கான்கிரீட் சுவர் எழுப்பப் போகிறோம். குளத்தோடு கோபித்துக்கொண்ட கதை இதுதான்! அழுகும் செடியைத் தின்பதே இந்த வண்டு. தாய்வண்டு பட்டிழையில் கூடு பின்னி, கொம்பு வைத்த தோணி மாதிரி மிதக்கவிடுவதும் ஓரத்துச் செடிகளுக்கு நடுவில்தான். சுவரில் எங்கே பின்னும்?

கேட்பது ஒன்றே. அக்டோபர் 2 கிராம சபையில், மேலக்கரையை மட்டுமாவது மண்கரையாகவே விடத் தீர்மானம் போடுங்கள்.

தலைமையாசிரியர் மணியைக் காட்டுகிறார். குஞ்சுகள் நத்தை தின்னும் விஷயம் அடுத்த கூட்டத்தில். கையெழுத்துத் தாள் வாசலில் இருக்கிறது, பேனாவும் கட்டிவைத்திருக்கிறேன்.