ஃபிரிட்ஜ் சத்தமா அது?

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணிக்கும் வணக்கம், அதற்கு மேல் இன்று அவர்களுக்கு ஒன்றும் தருவதாக இல்லை.

கோதிக் மெட்டல் என்கிற இருண்ட, கனத்த ராக் இசையை விட்டு நெதர்லாந்தின் தி கேதரிங் இசைக்குழு வெளியே வந்தது துரோகமா, வளர்ச்சியா என்பது தலைப்பு. நான் வளர்ச்சி அணி. 1998இல் வந்த 'ஹவ் டு மெஷர் எ பிளானட்?' ஆல்பத்தைப் பற்றி எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "கடைசியில் 28 நிமிஷத்துக்கு வருவது பாட்டே இல்லை, ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இதை என் அண்ணன் எப்போதோ சொல்லிவிட்டான்! அவன் 'மாண்டிலியன்' வெறியன். 1995இல் பாடகி அன்னேகே இந்தக் குழுவுக்குப் பாட வந்த முதல் ஆல்பம் அது, கிட்டார் ஒவ்வொரு அடியும் கருங்கல் மாதிரி விழும். அதே கனம் இருக்கும் என்று நம்பி இந்த இரட்டை சிடியை வாங்கி வந்து போட்டான். கருங்கல்லைக் காணோம். பிளேயரைத் தட்டினான். ஒயரைப் பிடுங்கிச் சொருகினான். இன்னும் கேளுங்கள், சிடியை வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்தான், அதுவும் இரண்டு தடவை. அப்புறம் இரண்டாவது சிடியின் கடைசிக்கு வந்தோம், பாடும் குரலே இல்லை, விண்கலத்துக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு முனகல். "டேய், அந்த ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணுடா!" என்று கத்தினான். நான் போய் ஆஃப் பண்ணினேன் நடுவர் அவர்களே! சத்தம் நிற்கவில்லை. ஆக, அது ஃபிரிட்ஜ் இல்லை என்று சோதித்தே பார்த்தவன் இந்த மேடையில் நான் ஒருவன்தான்.

துரோகமாம். 1992இல் முதல் ஆல்பத்தில் பாட்டையே உறுமிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். அந்த உறுமலை விட்டதால்தானே உங்களுக்கு மாண்டிலியன் கிடைத்தது? அந்தத் துரோகம் மட்டும் இனிக்கிறதா?

சரி, வாதம் கிடக்கட்டும். இந்த ஆல்பத்தில் எங்கே தொட்டாலும் தூரம்தான். 'லிபர்ட்டி பெல்'லில் விண்வெளிக்கே கிளம்புகிறார்கள், 'டிராவல்' என்றே ஒரு பாட்டு இருக்கிறது. என் அண்ணனும் வேலைக்காக ரொம்ப தூரம் போய்விட்டான். வருஷங்கள் கழித்து ஒருநாள் நடுராத்திரி போன் செய்தான். பேச்சே வரவில்லை அவனுக்கு, எனக்கும்தான். பின்னால் மெல்லிசாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, எனக்குத் தெரியாதா அந்த முனகல்?

"என்னண்ணே சத்தம்?" என்றேன்.

"ஃபிரிட்ஜுடா" என்றான்.

"ஆஃப் பண்ணிடாதண்ணே" என்றேன்.