லிவரி என்னும் பழஞ்சொல்

நேயர்களுக்கு வணக்கம். விமானத்தின் உடலில் தீட்டப்படும் நிறுவன வண்ணத்தை ஆங்கிலத்தில் லிவரி என்கிறார்கள். பழைய ஆங்கிலப் புதினங்களில் அதே சொல் பணியாளின் சீருடையைக் குறிக்கும்; குதிரை லாயத்தின் பெயரிலும் வரும்; சட்ட நூல்களிலோ நிலத்தைக் கைமாற்றும் சடங்காக நிற்கும். இத்தனைக்கும் வேர், கையளித்தல் என்று பொருள்படும் ஒரு பழைய பிரெஞ்சுச் சொல்.

இடைக்கால இங்கிலாந்தின் பிரபு தம் வீட்டாருக்கு உணவும் துணியும் அளந்து கொடுத்தார்; அந்தப் படிதான் லிவரி. குதிரைக்கு அளந்த தீனிக்கும் அதுவே பெயராக, கூலி வாங்கிக்கொண்டு பிறர் குதிரைகளைப் பராமரித்த இடம் லிவரி லாயம் ஆயிற்று.

துணியின் கதையில் அரசியலும் உண்டு. ஒரே நிற உடையும் சின்னமும் தரித்த அடியாட்கள் பிரபுக்களின் பலத்தில் ஊரை மிரட்டவே, இரண்டாம் ரிச்சர்டு மன்னர் 1390இல் அந்த வழக்கத்துக்கு வரம்பு விதித்தார். ஆனால் அவரே வெள்ளை மான் சின்னத்தைத் தம் ஆட்களுக்கு வழங்கியவர்! லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள வில்டன் இரட்டைப் பலகை ஓவியத்தில், கன்னி மரியாளைச் சூழ்ந்து நிற்கும் 11 தேவதூதர்களும் அந்த மான் சின்னத்தையே அணிந்திருக்கிறார்கள். வானுலகத்தாரும் மன்னரின் ஆட்களாகிவிட்டார்கள் போலும்.

ஏவலரின் அடையாளமான அந்த உடையை லண்டன் வணிகர்கள் பெருமைக்குரியதாக மாற்றிக்கொண்டார்கள். துணி வணிகர், மீன் வணிகர், பொற்கொல்லர் முதலானோரின் சங்கங்கள் லிவரி சங்கங்கள் எனப்பட்டன. இன்றும் 100க்கு மேற்பட்ட சங்கங்கள் உள்ளன, லண்டன் மாநகரின் ஷெரீப்புகளை அவற்றின் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நம் நாட்டிலும் அரசுக் கோப்புகள் கடைநிலை ஊழியரின் சீருடையை நெடுங்காலம் லிவரி என்றே குறித்துவந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது சட்டப் பொருள்தான். இங்கிலாந்தில் எழுத்தறிவு அரிதாயிருந்த காலத்தில் நிலத்தை விற்பவரும் வாங்குபவரும் அந்த நிலத்துக்கே சென்று, அக்கம்பக்கத்தார் பார்த்திருக்க, விற்பவர் ஒரு மண்கட்டியையோ மரக்கிளையையோ எடுத்து மற்றவர் கையில் வைப்பார். வீடாயின் கதவின் வளையத்தையோ தாழ்ப்பாளையோ ஒப்படைப்பார்; வாங்கியவர் தனியே உள்ளே போய்க் கதவைச் சாத்தி, மீண்டும் திறந்து மற்றவர்களை உள்ளே அழைக்க வேண்டும். பத்திரம் தொலைந்தாலும் ஊரார் நினைவு சாட்சியாக நிற்கும் என்பதே இதன் பலம். எனினும் நினைவை விலைக்கு வாங்க முடியும் அல்லவா? பொய்ச்சாட்சிக்கு அஞ்சி 1677ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தையும் கட்டாயமாக்கியது. 1845இல் பத்திரம் மட்டுமே போதும் என்றாயிற்று. 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டம் மண்கட்டி கொடுக்கும் முறையையே நீக்கிவிட்டது. நன்றி.