நெட்டையனா, கட்டையனா: மரதனில் உயரம் எவ்வளவு உதவும்?

[திரையில்: விடியற்காலை, கல்லடிப் பாலம். நெடுத்த இளைஞர் ஒருவரும் கட்டையான இளைஞர் ஒருவரும் சேர்ந்து ஓடி வருகிறார்கள்.]

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கினால் மட்டக்களப்புப் பள்ளிக்கூடங்களில் மரதனுக்கு ஆள் பிடிக்கும் விதம் தெரியும்தானே? வகுப்பிலேயே நெடுத்த பெடியனைப் பார்த்து, "உனக்குக் கால் நீளம், நீ ஓடு" என்பார்கள். கட்டையானவன் தானாகக் கை தூக்கினாலும், "உனக்கு உயரம் காணாது மனே, வேற எதுக்கும் பேரைக் குடு" என்று பதில் வரும். நூறு மீற்றர் என்றால் இந்தப் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம்; உசைன் போல்ட் 1.95 மீற்றர் உயரம். நெடுந்தூரத்துக்கு, அதுவும் நம் கரையோரச் சூட்டில், இந்தக் கணக்கு சரிவராது.

[திரையில்: ஓட்டப் பாதையின் கடைசி வளைவு, வரைபடமாக.]

2000ஆம் ஆண்டு, சிட்னி ஒலிம்பிக், 10,000 மீற்றர் இறுதிப் போட்டி. 25 சுற்று முடியும் நேரத்தில் இரண்டு பேர் முட்டி மோதி வருகிறார்கள். ஒருவர் கென்யாவின் போல் டெர்கட், 1.82 மீற்றர். மற்றவர் எதியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி, ஏறக்குறைய 1.65 மீற்றர். வென்றது கெப்ரசெலாசி, அதுவும் வெறும் 0.09 செக்கனில். சரி, கட்டையானவர்தான் சிறந்தவர் என்று எழுதி வைத்துவிடலாமா? அதுவும் முடியாது. 2003இல் பெர்லினில் மரதன் உலக சாதனையை வைத்தவர் அதே டெர்கட்: 2 மணி 4 நிமிடம் 55 செக்கன். 2007இல் அதே பெர்லினில் அதை 29 செக்கனால் முறியடித்தவர் அதே கெப்ரசெலாசி.

அப்போ நீளக் காலுக்கு ஒரு பலனும் இல்லையா?

காலடியின் நீளத்தை, நிமிடத்துக்கு எத்தனை காலடி என்பதால் பெருக்கினால் வருவதுதான் வேகம். கென்யாவின் மரதன் வீரர் எலியுட் கிப்சோகே 1.67 மீற்றர் உயரம். 2022இல் பெர்லின் மரதனை, அதாவது 42.195 கிலோமீற்றரை, 2 மணி 1 நிமிடம் 9 செக்கனில் முடித்தார். நிமிடத்துக்குச் சுமார் 348 மீற்றர். நிமிடத்துக்கு 185 காலடி என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு காலடியும் 1.88 மீற்றர் வருகிறது. அவருடைய உயரத்தை விடவே அது நீளம்! நம்ம ஊரில் 10 கிலோமீற்றரை 50 நிமிடத்தில் ஓடும் ஒருவர் நிமிடத்துக்கு 170 காலடி வைத்தால், ஒரு காலடி 1.18 மீற்றர்தான். அவர் ஆறடி உயரமாகவே இருக்கட்டும், கணக்கு மாறாது.

காரணம் லேசானது. நடக்கும்போது ஒரு கால் எப்போதும் நிலத்தில் இருக்கும். ஓடும்போது இரண்டு காலும் அந்தரத்தில் இருக்கும் நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் எவ்வளவு தூரம் போகிறோம் என்பதைப் பின்னங்கால் உந்தும் பலம்தான் தீர்மானிக்கிறது.

[திரையில்: காலடி, பக்கவாட்டில், மெதுவாக.]

இதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். "எட்டி வை, எட்டி வை" என்று மைதான ஓரத்திலிருந்து கத்துகிறோமே, அப்போது கட்டையான பிள்ளை என்ன செய்கிறது? முழங்காலுக்கு முன்னால் காலை நீட்டிக் குதிக்காலைக் குத்துகிறது. ஒவ்வொரு குத்தும் ஒரு பிரேக். அடுத்த அடியில் இழந்த வேகத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். தயவுசெய்து அப்படிக் கத்தாதீர்கள். பாதம் உடம்புக்குக் கிட்ட விழட்டும்.

இனித்தான் முக்கியமான விஷயம்: சூடு.

ஓடும்போது செலவாகும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகவே போகிறது. ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீற்றர் ஓட்டிக்கொண்டு போக ஏறக்குறைய ஒரு கிலோகலோரி வேண்டும். ஆகவே உடம்பு எவ்வளவு பாரமோ, அதே வேகத்தில் அவ்வளவு சூடு. அந்தச் சூடு வெளியேறும் வழி தோல். 1.60 மீற்றர், 50 கிலோ ஆளுக்குத் தோலின் பரப்பு சுமார் 1.5 சதுர மீற்றர். 1.83 மீற்றர், 75 கிலோ ஆளுக்குச் சுமார் 1.97. எடை ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது, தோலோ 31 வீதம்தான் கூடியிருக்கிறது. பெரிய பானைச் சோறு சின்னப் பானைச் சோற்றை விட மெதுவாக ஆறுவதும் இதனால்தான்.

வேர்வை இருக்கிறதே என்பீர்கள். ஒரு லீற்றர் வேர்வை ஆவியாகிப் போனால் 580 கிலோகலோரி அளவுக்குச் சூட்டைக் கொண்டுபோகும். ஆவியாகினால்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் ஈரக் காற்று. கல்லடியிலிருந்து ஆரையம்பதிப் பக்கம் ஓடிவிட்டு பெனியனைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். கொட்டியது உடம்பைக் குளிர்விக்கவில்லை, வீணாகப் போனது. நெடுத்துப் பாரமானவருக்கு இது இரட்டை அடி.

[திரையில்: ஏதென்ஸ் மரதன் பாதையின் வரைபடம்.]

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் பெண்கள் மரதன் 30 பாகை தாண்டிய வெயிலில் நடந்தது. உலக சாதனை வைத்திருந்த பிரித்தானியாவின் போலா ராட்கிளிஃப், 1.73 மீற்றர், சுமார் 36ஆவது கிலோமீற்றரில் ஓட்டத்தை விட்டு நின்றார். தங்கம் வென்றவர் ஜப்பானின் மிசுகி நொகுச்சி. உயரம் 1.50 மீற்றர், எடை 40 கிலோ அளவு. ராட்கிளிஃபுக்குக் காயமும் வயிற்றுக் கோளாறும் இருந்தன, பழியை உயரத்தின் மேல் மட்டும் போடக்கூடாது. ஆனாலும் அந்த வெயிலில் சிறிய உடம்புக்கு ஓர் அனுகூலம் இருந்ததை மறுக்க முடியாது. குளிரான லண்டனில் 2003இல் அதே ராட்கிளிஃப் ஓடி வைத்த உலக சாதனை, 2 மணி 15 நிமிடம் 25 செக்கன், பதினாறு வருடம் அசையவில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. பதின்மூன்று வயதில் நெடுத்து நிற்பவன் அநேகமாக முந்தி வளர்ந்தவன், அவ்வளவுதான். பதினேழில் மற்றவன் அவனைப் பிடித்துவிடலாம். வேகமாக வளரும் அந்த வருடங்களில் முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், அது சாக்கு இல்லை. ஓட்டத்தைக் குறைத்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஆள் தெரிய வேண்டுமென்றால் எல்லாரையும் வெபர் மைதானத்தில் மூன்று கிலோமீற்றர் ஓடவிட்டு, கடைசிச் சுற்றுகளில் யார் ஓட்டம் குலையாமல் வருகிறார் என்று பாருங்கள். நீங்களே நெட்டையர் என்றால், தென்மேற்கிலிருந்து சூடாக வீசும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெயில் ஏறுமுன் ஓடி முடியுங்கள். முதல் இரண்டு கிலோமீற்றரைப் பக்கத்தில் வரும் கட்டையரை விட மெதுவாகவே எடுங்கள், தண்ணீர் கிடைக்கும் இடத்தில் குடித்துவிட்டு மிச்சத்தைத் தலையிலும் கையிலும் ஊற்றிக்கொள்ளுங்கள்.