தந்தையர் தினத்தின் பல தேதிகள்: எந்தத் தந்தைக்கு எந்த நாள்?

[திரையில்: ஜூன் மாத நாட்காட்டி, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வட்டமிடப்படுகிறது]

வணக்கம். ஜூன் மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ்களில் அப்பாக்களின் பழைய புகைப்படங்கள் வரிசைகட்டி நிற்கும். தன் ஆசைகளை அடக்கிக்கொண்டு பிள்ளைகளுக்காக உழைத்தவர், கண்டிப்பானவர், பாசத்தை வெளியே காட்டத் தெரியாதவர் என்று ஏறக்குறைய எல்லாப் பதிவுகளிலும் ஒரே அப்பாதான் வருவார். ஆனால் உலகில் தந்தையருக்கென ஒதுக்கப்பட்ட நாட்கள் பல இருக்கின்றன. அவற்றின் பின்னால் வெவ்வேறு வகையான தந்தையர் இருக்கிறார்கள். அவர்களில் சிலரை இந்தக் காணொளியில் பார்ப்போம்.

[திரையில்: அமெரிக்க வரைபடம்; மேற்கு வர்ஜீனியா மாநிலம்]

1907 டிசம்பர் 6. மேற்கு வர்ஜீனியாவின் மொனொங்கா என்னும் சிற்றூரில், 6ஆம் எண், 8ஆம் எண் நிலக்கரிச் சுரங்கங்களில் காலை வேலை நடந்துகொண்டிருந்தபோது பெரும் வெடிப்பு ஏற்பட்டது. அதிகாரபூர்வக் கணக்கின்படி இறந்தவர்கள் 360க்கும் மேற்பட்டோர். அமெரிக்க வரலாற்றின் மிகக் கொடிய சுரங்க விபத்து இன்றுவரை அதுதான். இறந்தவர்களில் பலர் இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து குடியேறியவர்கள். வெட்டி எடுக்கும் கரியின் அளவுக்கேற்பக் கூலி என்பதால், பேரேட்டில் பெயர் இல்லாமலே மகனையோ தம்பியையோ உதவிக்கு உள்ளே அழைத்துச் செல்லும் வழக்கம் அங்கே இருந்தது; ஆகவே உண்மையான எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்று கருதப்படுகிறது. கணவரின் உடல் கிடைக்காத பெண் ஒருவர், அந்தச் சுரங்கத்திலிருந்து நாள்தோறும் ஒரு சாக்குக் கரியைச் சுமந்துவந்து தம் வீட்டருகே கொட்டினார் என்றும், உள்ளே கிடக்கும் கணவர் மேலுள்ள பாரம் அந்த அளவுக்காவது குறையட்டும் என்று 29 ஆண்டுகள் இதைச் செய்தார் என்றும் அவ்வூரில் சொல்வார்கள்.

அந்த ஒரு காலையில் ஏறக்குறைய ஆயிரம் பிள்ளைகள் தந்தையை இழந்ததாகக் கணக்கிடப்படுகிறது. சில மைல் தொலைவிலுள்ள ஃபேர்மான்ட் நகரில், தம் தந்தையை முன்னரே பறிகொடுத்திருந்த கிரேஸ் கோல்டன் கிளேட்டன் என்பவர், தந்தையரை நினைத்து ஒரு வழிபாடு நடத்தும்படி தம் திருச்சபைப் போதகரைக் கேட்டுக்கொண்டார். 1908 ஜூலை 5 அன்று அந்த வழிபாடு நடந்தது. அமெரிக்காவில் தந்தையருக்கென நடந்ததாக அறியப்படும் முதல் வழிபாடு அது. ஆனால் மறு ஆண்டு அது தொடரவில்லை, ஊருக்கு வெளியே பேசப்படவும் இல்லை. அதே மாநிலத்தின் கிராஃப்டன் நகரில் இரண்டு மாதங்களுக்கு முன்பு நடந்த அன்னையர் தின வழிபாடு நாடு முழுவதும் பரவியதற்குக் காரணம், அதற்காக விடாமல் கடிதம் எழுதிக்கொண்டே இருந்த ஆனா ஜார்விஸ். தந்தையருக்கு அப்படி ஒருவர் ஃபேர்மான்டில் வாய்க்கவில்லை.

வாய்த்தவர், நாட்டின் மறுகோடியில், வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரில் இருந்தார்.

[திரையில்: சிவப்பு ரோஜாவும் வெள்ளை ரோஜாவும்]

சொனோரா ஸ்மார்ட் டாட் 1909ஆம் ஆண்டு தேவாலயத்தில் அமர்ந்து அன்னையர் தினப் பிரசங்கத்தைக் கேட்டவர். அவருடைய தாய் 1898இல் ஆறாவது பிரசவத்தின்போது இறந்துபோனார். அப்போது சொனோராவுக்கு 16 வயது; அவருக்குப் பின்னால் ஐந்து தம்பிமார். உள்நாட்டுப் போரில் பங்கேற்றவரும் விவசாயியுமான தந்தை வில்லியம் ஜாக்சன் ஸ்மார்ட், பச்சைக் குழந்தை உட்பட அத்தனை பேரையும் தாமே வளர்த்தார். தாயில்லாப் பிள்ளைகளை உறவினர் வீடுகளுக்குப் பிரித்து அனுப்புவது அக்காலத்தில் எங்கும் நடப்பதுதான். பெண்ணில்லாத வீட்டில் கைக்குழந்தையை ஆண் ஒருவர் பார்த்துக்கொள்வது, இன்றைக்கும் நம் ஊரில் நான்கு பேர் வந்து அறிவுரை சொல்லும் காரியம். அன்னையருக்கு இருப்பதுபோல் தந்தையருக்கும் ஒரு நாள் வேண்டும், தம் தந்தையின் பிறந்தநாளான ஜூன் 5ஐயே அந்த நாளாக வைக்கவேண்டும் என்று சொனோரா கேட்டார். பிரசங்கம் தயாரிக்கப் போதகர்கள் அவகாசம் கேட்டதால் அது அம்மாதத்தின் மூன்றாவது ஞாயிறுக்குத் தள்ளிப்போய், 1910 ஜூன் 19 அன்று நடந்தது. இன்று நாம் பின்பற்றும் தேதி இந்தத் தாமதத்தால் வந்ததுதான். தந்தை உயிரோடிருப்பவர்கள் சிவப்பு ரோஜாவும், தந்தையை இழந்தவர்கள் வெள்ளை ரோஜாவும் அணியும் வழக்கமும் அங்கிருந்தே வந்தது.

அதன்பின் நடந்தது கொஞ்சம் வேடிக்கையானது. 1930களில் ஆண்களுக்கான ஆடை வணிகர்கள் நியூயார்க்கில் ஒன்றுசேர்ந்து இந்த நாளைப் பெரிதாக விளம்பரப்படுத்தத் தொடங்கினார்கள். தந்தையர் தினம் என்றாலே டை வாங்கிக் கொடுப்பது என்றாகிவிட்டது. அன்னையர் தினம் 1914இலேயே அரசின் ஏற்பைப் பெற்றுவிட, தந்தையர் தினத்தை நிலைப்படுத்தும் சட்டத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டது 1972இல்தான். அதற்குள் சுரங்கத்தில் கரி வெட்டியவரும், தனியாளாகக் குழந்தை வளர்த்த விவசாயியும் வாழ்த்து அட்டைகளிலிருந்து காணாமற்போய், காலையில் டை கட்டிக்கொண்டு அலுவலகம் செல்பவர் மட்டும் அவற்றில் மிஞ்சினார். இன்றைய நம் ஸ்டேட்டஸ் அப்பாவும் பெரும்பாலும் அவருடைய உறவினர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

[திரையில்: தச்சுப் பட்டறை, மார்ச் 19]

இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய நாடுகளில் தந்தையர் தினம் மார்ச் 19. அது புனித யோசேப்பின் திருநாள். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் அவரைச் சூசையப்பர் என்பார்கள். அந்நாடுகள் தந்தைக்கு முன்மாதிரியாகத் தேர்ந்தெடுத்தவர் ஒரு வளர்ப்புத் தந்தை என்பது கவனிக்கத்தக்கது. தன் இரத்தமல்லாத பிள்ளையைத் தன் பெயரில் ஏற்றுக்கொண்டு, ஆபத்து வந்தபோது இரவோடு இரவாகத் தாயையும் சேயையும் எகிப்துக்கு அழைத்துச் சென்ற அந்தத் தச்சர் பேசியதாக, நற்செய்திகளில் ஒரு சொல்கூடக் கிடையாது. தமிழில் அவருக்குப் பேச்சும் பெருவாழ்வும் கொடுத்தவர் வீரமாமுனிவர். 18ஆம் நூற்றாண்டில் அவர் 3,615 பாடல்களில் இயற்றிய தேம்பாவணியின் தலைவன் வளன் என்பவன் இந்த யோசேப்பே. தமிழ்க் காப்பியம் ஒன்றின் நாயகன் வளர்ப்புத் தந்தை என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்த நாமே பெரும்பாலும் அப்படி யோசித்துப் பார்ப்பதில்லை.

ஜெர்மனியில் இந்த நாள் இயேசுவின் விண்ணேற்றத் திருநாளன்று, ஒரு வியாழக்கிழமையில் வருகிறது. ஆண்கள் கூட்டமாகச் சேர்ந்து, சிறு கைவண்டியில் பீர் ஏற்றி இழுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே நடைபோவது வழக்கம். பிள்ளைகள் உடன் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாய்லாந்தில் டிசம்பர் 5, மறைந்த மன்னர் பூமிபாலின் பிறந்தநாள்; நாட்டுக்கே தந்தை என்று கருதப்பட்டவரின் நாளில் வீட்டுத் தந்தைக்கும் மரியாதை செய்கிறார்கள்.

[திரையில்: கீரிமலைக் கேணி, கடலோரம்]

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் உயிரோடிருக்கும் தந்தைக்குப் பரிசளிக்கும் நாட்கள். நேபாளத்தின் குஷே அவுன்சி என்னும் அமாவாசையில் இரண்டும் உண்டு: தந்தை இருப்பவர்கள் இனிப்பு கொடுத்து வணங்குவார்கள்; இல்லாதவர்கள் காத்மாண்டு அருகே பாக்மதிக் கரையிலுள்ள கோகர்ணேஸ்வரர் கோயிலுக்குச் சென்று சிராத்தம் செய்வார்கள்.

தமிழ்நாட்டில் ஆடி அமாவாசை முன்னோர் அனைவருக்கும் பொதுவானது. இராமேஸ்வரத்தின் அக்னி தீர்த்தத்தில் அன்று கூடும் கூட்டத்தில் தாயை நினைத்து வந்தவரும் இருப்பார், பாட்டனை நினைத்து வந்தவரும் இருப்பார். இலங்கைத் தமிழரிடம் அது தெளிவாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஆடி அமாவாசை விரதம் தந்தைக்கு, சித்திரா பௌர்ணமி விரதம் தாய்க்கு. தந்தை உயிரோடு இருக்கும்வரை பிள்ளைகள் ஆடி அமாவாசை விரதம் பிடிப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் கீரிமலையிலும், மட்டக்களப்பில் மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்திலும் நீராடி, பிதிர்க்கடன் முடித்து, வீட்டில் மரக்கறிச் சமையல் படைத்து, காகத்துக்கு வைத்த பிறகே உண்பார்கள். அந்தச் சமையலில் கசப்பான காத்தோட்டிக்காய் இருக்கவேண்டும் என்பது யாழ்ப்பாண வழக்கம். மற்ற நாட்களில் யாரும் தேடாத அந்தக் காய்க்கு, அந்த அமாவாசையை ஒட்டிச் சந்தையில் திடீரென்று மவுசு வந்துவிடும்.

தந்தை இறந்துவிட்டார் என்பது உறுதியாகத் தெரிந்தால்தான் இந்த விரதத்தைப் பிடிக்கமுடியும். போர்க்காலத்திலும் அதன் முடிவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் இங்கேதான் திகைத்து நிற்கிறார்கள். விரதம் பிடித்தால் அவர் இல்லை என்று தாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிடிக்காமல் விட்டால், ஒருவேளை அவர் இறந்திருந்தால், மகனின் கடமை தவறியதாகிவிடும். மரணச் சான்றிதழை வாங்க மறுத்த குடும்பங்கள் பல. 2016இல் இலங்கை நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் இறந்தார் என்று சொல்லாமல், அவரைக் காணவில்லை என்பதற்கு மட்டும் சான்று வழங்க வகை செய்தது. அதை வைத்துச் சில அலுவலகக் காரியங்களை முடித்துக்கொள்ளலாம். ஆடி அமாவாசைக்கு என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் கிடையாது.

அந்தக் குடும்பங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 30 அன்று, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச தினத்தில், படங்களை ஏந்தி வடக்கிலும் கிழக்கிலும் தெருவில் இறங்குகின்றன. அந்தப் படங்களில் மகன்களும் மகள்களும் கணவர்களும் இருக்கிறார்கள். தந்தையரும் பலர் இருக்கிறார்கள். தந்தையருக்கான தேதிகளைப் பட்டியலிட்டால், மார்ச் 19க்கும் ஜூன் மூன்றாம் ஞாயிறுக்கும் பக்கத்தில் ஆகஸ்ட் 30ஐயும் நான் எழுதிக்கொள்வேன்.

[திரையில்: தேதிகளின் பட்டியல், காணொளி நிறைவு]