ரோஜர் ஷெர்மன்: பேசத் தெரியாத வக்கீல்

நண்பர்களே, அமெரிக்கா உருவான கதையைப் பேச ஆரம்பித்தால் வாஷிங்டன், ஜெபர்சன், பிராங்கிளின் என்று நாலைந்து பேரோடு நிறுத்திவிடுகிறோம். இன்று நான் பேசப்போவது ரோஜர் ஷெர்மனைப் பற்றி. பிரிட்டன் சரக்கைப் புறக்கணிக்க 1774இல் போட்ட ஒப்பந்தம், சுதந்திரப் பிரகடனம், முதல் கூட்டமைப்புச் சட்டம், 1787இன் அரசியல் சாசனம், இந்த நான்கிலும் கையெழுத்துப் போட்ட ஒரே ஆள் அவர்தான்.

1721இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். கற்ற தொழில் செருப்புத் தைப்பது, கல்லூரிப் பக்கமே போகவில்லை. அப்பா இறந்தபின் கனெக்டிகட்டுக்குக் குடிபோய் நில அளவை பார்த்தார், அண்ணனோடு கடை வைத்தார், தானே கணக்குப் போட்டுப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். நிலம் அளக்கிறவரிடம் எல்லைத் தகராறும் பத்திரமும் வராமல் இருக்குமா? சட்டத்தைச் சொந்தமாகப் படித்து 1754இல் வக்கீலானார், அடுத்த வருஷமே சட்டசபைக்குப் போனார். அப்புறம் நீதிபதி, நியூ ஹேவன் மேயர் என்று பதவிகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. நீதிபதியாக இருந்துகொண்டே சட்டமன்ற மேலவையிலும் உட்கார்ந்திருந்தார், அந்தக் காலத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேடைப் பேச்சு அவருக்கு வராது. ஆனால் அவரை மடக்கப் பார்ப்பது விலாங்கு மீனை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி என்று அவர் மாநிலத்துக்காரர் ஜெரமையா வாட்ஸ்வொர்த் ஒரு கடிதத்திலேயே எச்சரித்திருக்கிறார்.

அது சரிதான் என்று 1787இல் அரசியல் சாசனம் எழுதப் பிலடெல்பியாவில் கூடிய சபையில் தெரிந்தது. புதிய நாடாளுமன்றத்தில் பெரிய மாநிலங்கள் மக்கள்தொகைப்படி இடம் கேட்டன, சின்ன மாநிலங்கள் சம இடம் கேட்டன. கீழவையில் மக்கள்தொகை, மேலவையில் மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்று ஷெர்மன் ஜூன் 11இல் சொன்னபோது மேலவை யோசனை 5-க்கு 6 என்று தோற்றது. மனிதர் விடவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் இழுபறி நடந்து, ஜூலை 16இல் அதே ஏற்பாடு 5-க்கு 4 என்று ஜெயித்தது, அதுவும் மாசசூசெட்ஸ் ஓட்டு இரண்டாகப் பிரிந்து கணக்கில் வராமல் போனதால்.

இந்த சமரச புத்திக்கு இன்னொரு முகமும் உண்டு, அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அடிமை வியாபாரம் அநியாயம் என்று அவருக்குத் தெரியும், சபையிலேயே சொன்னார். ஆனாலும் தென் மாநிலங்கள் பிரிந்து போவதைவிட அவர்கள் அடிமைகளை இறக்குமதி செய்துகொள்வதே மேல் என்றும் ஆகஸ்டில் அவர்தான் சொன்னார். ஒற்றுமைக்கான விலையைக் கொடுத்தது யார் என்று பாருங்கள், அந்த அறையில் இருந்த ஒருவர்கூட இல்லை.

1789இல் முதல் காங்கிரஸ், அதாவது புதிய சாசனப்படி அமைந்த அமெரிக்க நாடாளுமன்றம், கூடியது. மக்கள் உரிமைகள் பற்றிய திருத்தங்களைச் சாசனத்தின் மூல வாசகத்துக்குள்ளேயே நுழைத்துவிடலாம் என்று வர்ஜீனியா உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன் கொண்டுவந்தார். ஷெர்மனுக்குத் திருத்தமே அவசரம் என்ற எண்ணம், வந்துதான் தீரும் என்றால் கடைசியில் தனியாகச் சேருங்கள், மக்கள் ஏற்றுக்கொண்ட மூலத்தில் கை வைக்காதீர்கள் என்றார். ஆகஸ்ட் 13இல் தோற்றார், 19இல் ஜெயித்தார். அதனால்தான் மதுவிலக்கு கொண்டுவந்த 18ஆவது திருத்தமும், அதை ரத்து செய்த 21ஆவது திருத்தமும் இன்றைக்கும் ஒரே புத்தகத்தில் அச்சாகிக்கொண்டிருக்கின்றன.