வேலைக்குப் போன ஊரையும் பார்த்துவிட்டு வாருங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நேரமான பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வெளியூருக்கு வேலையாகப் போகிறவர் வேலையை முடித்த கையோடு திரும்புவது நல்லதா, ஊரையும் பார்த்துவிட்டுத் திரும்புவது நல்லதா என்பது இன்றைய தலைப்பு. பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணியில் முதலில் பேசியவர், கம்பெனி காசில் ஊர் சுற்றுவது தப்பு என்றார். அடுத்தவர், நாள் முழுக்க உழைத்த உடம்பு படுக்கையைத்தான் கேட்கும் என்றார். கடைசியாகப் பேசிய அம்மா, வீட்டில் பிள்ளை காத்திருக்கும்போது ஒரு பெண்ணுக்குத் தனியாகக் கடற்கரையில் என்ன வேலை என்று கேட்டார். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஊரை வைத்தே பதில் சொல்கிறேன். அந்த ஊர் கோழிக்கோடு.

மருத்துவமனைகளில் பில் போடும் மென்பொருளை நிறுவி, அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. கோயம்புத்தூரில் காலையில் ரயிலேறினால், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி, மதியச் சாப்பாட்டுக்குக் கோழிக்கோடு போய்விடலாம். சென்னைக்காரர்கள் இரவு மங்களூர் மெயிலில் ஏறினால் காலையில் இறங்கலாம். பல தடவை போயிருக்கிறேன், அதனால்தான் துணிந்து பேசுகிறேன்.

முதலில் காசு விஷயம். கடற்கரைக்குப் போன ஆட்டோக் கூலியைக் கம்பெனிக் கணக்கில் எழுதுகிறவருக்காக நான் வாதாட மாட்டேன். அது தப்புதான். ஆனால் கம்பெனி நம்மிடம் வாங்கியது வேலை நேரத்தை மட்டும்தானே? காலை ஆறிலிருந்து ஒன்பது வரையும், சாயங்காலம் ஆறுக்கு மேலும் நம்முடைய நேரம். அந்த நேரத்தில் நம் கைக்காசைப் போட்டு ஊரைப் பார்த்தால் யாருக்கு நஷ்டம்? நஷ்டம் இருக்கட்டும், கம்பெனிக்கு லாபமே வரும். எப்படி என்று கேளுங்கள்.

ஒரு மருத்துவமனையில் இரண்டு நாள் பயிற்சி. முதல் நாள் முழுக்க நர்சுகளும் பில் கவுண்டரில் இருப்பவர்களும் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். ஏதாவது சிரமம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றார்கள். அவர்களுடைய மேலாளர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், பாவம், வேறென்ன சொல்வார்கள்! அன்று சாயங்காலம் 'சேச்சி, பீச்சுக்கு வாங்க' என்று இரண்டு பெண்கள் கூட்டிப் போனார்கள். கோழிக்கோட்டுக் கடற்கரையில் 'உப்பிலிட்டது' என்று விற்பார்கள். நெல்லிக்காய், மாங்காய், அன்னாசி, கேரட் எல்லாம் பெரிய கண்ணாடி ஜாடிகளில் உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். எடுத்து மிளகாய்க் காரம் தடவிக் கொடுத்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பழைய கடல் பாலத்தின் துருப்பிடித்த இரும்புத் தூண்கள் தண்ணீரில் நிற்கின்றன. அவற்றைப் பார்த்தபடி நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டே ஒரு பெண் சொன்னாள்: 'ராத்திரி ஷிப்டில் நீங்கள் கொடுத்த டிஸ்சார்ஜ் திரையை யாரும் தொடுவதே இல்லை சேச்சி. மருந்துக் கடைக்குத் திரும்பிப் போகும் மாத்திரைகளைப் பதிவு செய்யாமல் பில்லை மூட முடியவில்லை. ராத்திரி மருந்துக் கடையில் ஒரே ஆள்தான். அதனால் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்துக் காலையில் ஏற்றுகிறோம்.'

எங்கள் மென்பொருளில் இருந்த பெரிய ஓட்டை அதுதான். பயிற்சி அறையில் வராத பேச்சு கடற்கரையில் வந்தது. மறுநாள் அதைச் சரி செய்யச் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினேன். 'வேலையை மட்டும் பார்' என்கிற எதிரணியினரிடம் கேட்கிறேன், அன்று நான் அறைக்குள்ளேயே இருந்திருந்தால் என் வேலை முடிந்திருக்குமா?

இதில் புதிதாக ஒன்றுமில்லை நடுவர் அவர்களே. கோழிக்கோட்டைப் பற்றி நமக்குக் கிடைத்த பழைய செய்திகளில் பலவும் வேலையாக வந்தவர்கள் எழுதி வைத்தவைதான். மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா 14-ஆம் நூற்றாண்டில் அங்கே வந்தபோது டெல்லி சுல்தானின் தூதராகச் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். காற்று திரும்பும் வரை காத்திருந்த நாட்களில் துறைமுகத்தில் நின்ற 13 சீனக் கப்பல்களைப் பார்த்தார். மாலுமிகள் கப்பலிலேயே மரத்தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் வளர்த்ததைக்கூட விடாமல் சொல்லியிருக்கிறார்.

அடுத்த நூற்றாண்டில் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பல்களில் மொழிபெயர்ப்பாளராக வந்தவர் மா ஹுவான். அவருக்கும் அது உத்தியோகம்தான். வந்த இடத்தில் வியாபாரிகள் விலை பேசுவதைக் கவனித்தார். எல்லோரும் கை கோத்து விலையை முடிவு செய்துவிட்டால், பிறகு சந்தை ஏறினாலும் இறங்கினாலும் சொன்ன சொல் மாறாது என்று எழுதினார். மணிச்சட்டம் இல்லாமல், கைவிரல் கால்விரல் இருபதையும் வைத்தே பிசகில்லாமல் கணக்குப் போடுகிறார்கள் என்று ஆச்சரியப்பட்டார். மொழிபெயர்த்த கையோடு அந்த மனிதர் கப்பலுக்குத் திரும்பியிருந்தால் இதெல்லாம் நமக்குத் தெரியுமா?

அந்த வாக்கு நாணயம் இன்றைக்கும் அந்த ஊரில் பேசப்படுகிறது. மீட்டர் காட்டியதை மட்டும் வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுப்பவர்கள் என்று கோழிக்கோட்டு ஆட்டோக்காரர்களுக்குக் கேரளம் முழுக்கப் பெயர். மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு ஒரு ராத்திரியே போதும். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோட்டுக்கான கரிப்பூர் விமான நிலையத்தில், கொட்டும் மழையில், துபாயிலிருந்து வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. கொரோனா பரவிக்கொண்டிருந்த நேரம். பக்கத்து ஊர்க்காரர்கள் ஓடி வந்து, அடிபட்டவர்களைச் சொந்த வண்டிகளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைகளுக்குப் பறந்தார்கள். கோழிக்கோட்டில் நள்ளிரவில் ரத்தம் கொடுக்க வரிசை நின்றது. காப்பாற்றப் போனவர்கள் அப்புறம் தனிமைப்படுத்தலிலும் இருந்தார்கள். இப்படிப்பட்டவர்கள் இருக்கும் ஊருக்குப் போய், லாட்ஜ் அறைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்புவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

அடுத்து அசதி. உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்புக்குப் படுக்கையைவிட நடைதான் மருந்து. மானாஞ்சிறை மைதானத்துப் பக்கம் அறை எடுங்கள். ரயில் நிலையம், மிட்டாய்த் தெரு, கடற்கரை மூன்றும் நடக்கிற தூரம். மிட்டாய்த் தெருவை 2017-இல் புதுப்பித்து வண்டிகளுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள், நிம்மதியாக நடக்கலாம். தெரு தொடங்கும் இடத்தில் சிலையாக இருப்பவர் எஸ்.கே.பொற்றேக்காட். உலகம் சுற்றி எழுதியவர், 1980-இல் ஞானபீடம் பெற்றவர். யுனெஸ்கோ 2023-இல் இந்தியாவின் முதல் இலக்கிய நகரமாக அறிவித்தது இந்த ஊரைத்தான்.

திருநெல்வேலி அல்வாவை நினைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போகாதீர்கள். நம்முடையது நெய்யில் கிண்டியது, வாயில் வழுக்கும். அங்கே தேங்காயெண்ணெயில் கிண்டி, சிவப்பும் பச்சையும் கறுப்புமாகப் பாளம் பாளமாக அடுக்கியிருப்பார்கள். கத்தியால் வெட்டி, முதலில் ஒரு துண்டு கையில் கொடுப்பார்கள். நன்றாக மென்றுதான் தின்ன வேண்டும். அதன்மேல் ஒரு சுலைமானி, பால் இல்லாமல் எலுமிச்சையும் ஏலக்காயும் போட்ட தேநீர். எந்த அசதி நிற்கும்?

காலையில் நேரம் கிடைத்தால் பேப்பூருக்குப் போங்கள். நகரத்துக்குத் தெற்கே, சாலியாறு கடலில் சேரும் இடம். கடலுக்குள் நீளும் கல் தடுப்பின்மேல், நம் ஊரில் தூண்டில் வளைவு என்போமே, அதன்மேல் நடக்கலாம். ஆற்றங்கரையில் உரு என்னும் பெரிய மரக்கப்பல்களைக் கட்டும் பட்டறைகள் உண்டு. நல்ல காலமிருந்தால் ஒரு கப்பல் பாதி எழும்பி நிற்கும். காகிதத்தில் வரைபடம் கிடையாது. அளவு முழுக்க மேஸ்திரியின் மனத்தில். அவர் சொல்லச் சொல்ல ஆட்கள் பலகையை வளைத்துப் பொருத்தி, இடுக்குகளில் பஞ்சைத் திணித்து உளியால் தட்டுகிறார்கள். கட்டி முடித்ததைக் கப்பியும் கயிறும் போட்டு, பாட்டுப் பாடி ஆற்றில் இறக்குகிறவர்கள் கலாசிகள். 1988-இல் கொல்லம் பக்கத்தில் பெருமண் பாலத்திலிருந்து ரயில் அஷ்டமுடிக் காயலில் விழுந்தபோது பெட்டிகளைத் தூக்க இவர்களைத்தான் அழைத்தார்கள். பேப்பூரில் ஒரு கலாசி இக்காவிடம், அதாவது அண்ணனிடம், 'வரைபடம் இல்லாமல் இரண்டு பக்கமும் எப்படிச் சமமாக வருகிறது?' என்று கேட்டேன். அவர் பேசவில்லை. என் கையைப் பிடித்துப் பலகையின்மேல் வைத்து, மேலிருந்து கீழே இழுத்துக் காட்டினார். மேடும் தட்டுப்படவில்லை, பள்ளமும் தட்டுப்படவில்லை. ஒன்பதுக்கெல்லாம் நான் பயிற்சி அறையில் இருந்தேன், அன்று முழுக்க உற்சாகமாகவே வகுப்பெடுத்தேன்.

கடைசியாக, அம்மா கேட்ட கேள்வி. அதுதான் கனமான கேள்வி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால் கடற்கரையாவது கப்பலாவது, முதல் ரயிலில் நானும் ஓடி வருவேன். தனியாகப் போகும் பெண்ணுக்கு இருக்கும் பயமும் எனக்குத் தெரியும். தெரியாத சந்தில் இருட்டிய பிறகு நுழைய நானும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று யோசியுங்கள். சுற்றுலாப் போகிறவளுக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது. வேலையாகப் போகிறவளுக்கு முதல் நாளே பத்துப் பேரைத் தெரிந்துவிடுகிறது. எந்த இடம் சரி, எந்த நேரம் சரி, எந்தக் கடையில் சாப்பிடலாம் என்று அவர்களைக் கேளுங்கள். 'கூட வருகிறீர்களா' என்றும் கேளுங்கள். சாயங்காலக் கடற்கரையில் கோழிக்கோடே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கும்.

இப்படிப் பார்த்து வைத்ததால்தான், போன பள்ளி விடுமுறையில் என் மகளையும் மாமியாரையும் அங்கே கூட்டிப் போக முடிந்தது. மழை தொடங்கிவிட்டால் கடலருகில் நிற்க முடியாது என்று தெரியும், மே மாதத்திலேயே போனோம். உப்பிலிட்டது பற்றிச் சொன்னேனே, அதை வாங்கிக் கொடுத்த அந்த நர்ஸ் பெண்ணின் வீட்டில் மதியச் சாப்பாடு. அவளுடைய அம்மா, அரிசி மாவு திணித்துப் பொரித்த கல்லுமக்காய்ச் சிப்பியை என் மகளுக்கு ஊட்டினார். என் மாமியார் சைவம். அவருக்கென்று தனிப் பாத்திரத்தில் சாம்பார் வைத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் திரும்பியிருந்தால், அந்த வீடு எங்கே இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.